பழைய நம்பருக்குத்தான் வரும்

ரத்தம் பட்ட விரிப்புகளை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் போட வேண்டும். வெந்நீர் பட்டால் கறை துணியோடு துணியாக வெந்துபோய், பிறகு எத்தனை காரம் போட்டாலும் போகாது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். சின்னவளுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்கிறாள். மூட்டையைப் பிரித்ததும் எது எந்த வார்டிலிருந்து வந்தது என்று மோப்பத்திலேயே சொல்லிவிடுவாள். குழந்தைகள் வார்டு விரிப்பில் பால் புளித்த வாடை. அறுவைக் கூடத்துத் துணியில் மருந்தும் இரும்பும் கலந்த வாடை. ரத்தம் சுத்தம் பண்ணும் மெஷின்கள் இருக்கும் மாடி வார்டிலிருந்து வருவதில் வாடையே இருக்காது. கை வைக்கும் இடத்தில் மட்டும் ஒரு பொட்டு, காய்ந்த மிளகு போல.

அந்த மாடியில் தன் புருஷனே ஒருநாள் படுக்கப்போகிறார் என்று அவள் நினைத்தவளில்லை. அவர் சரக்கு லாரி டிரைவர். ஆள் திடகாத்திரம். சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டன என்று டாக்டர் சொன்னபோது, "சுருங்கற மாதிரி நான் எதையும் தண்ணியில போடலியே" என்று டாக்டரிடமே சிரித்தார். வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்த பிறகுதான், இனி லாரி ஓட்ட முடியுமா என்று அவளிடம் கேட்டார்.

வாரத்தில் இரண்டு முறை மெஷினில் படுக்க வேண்டும். முன்பெல்லாம் இதற்கு விடியுமுன்பே வந்து வரிசையில் நிற்பார்கள். நிற்க முடியாத நோயாளிக்குப் பதிலாகச் செருப்பும் பையும் வரிசையில் கிடக்கும். இவர்கள் அங்கே போன சமயம் அந்த வரிசையை ஒழித்திருந்தார்கள். ஒரு குடும்பமே போனைப் பார்த்துச் சிரிக்கிற படத்தைச் சுவரில் ஒட்டி, எல்லாச் சேவையும் இனி உங்கள் கையில் என்று எழுதியிருந்தது. நல்ல ஏற்பாடுதான். சின்னவள் அதை ஒருநாளும் குறை சொன்னதில்லை.

கவுன்டரில் இருந்தவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கித் திரையைப் பார்த்தார்.

"உங்க குடும்பத்துக்கு ஏற்கெனவே ஒரு போன் நம்பர் பதிவாகியிருக்கே. கடைசியில நாப்பத்தேழு. உங்களோடதுதானே?"

சின்னவள் திரையை எட்டிப் பார்த்தாள். "எங்க அக்காவோடது சார்."

"அப்ப நல்லதாப் போச்சு, வீட்டு மனுஷங்கதான். மெஷின்ல படுக்கறதுக்கு முந்தின நாள் சாயந்திரம் அந்தப் போனுக்கு ஆறு நம்பர் வரும். அதை வாங்கி ஏழு மணிக்குள்ள எங்களுக்கு அனுப்பிடணும். அனுப்பலைன்னா வர மாட்டீங்கன்னு வெச்சுக்கிட்டு, கம்ப்யூட்டர் வேற ஆளுக்குக் குடுத்துடும்."

"அந்த நம்பரை எடுத்துட்டு என்னோடதைப் போட முடியாதா சார்?"

"தாராளமா. ஆனா மாத்தறதுக்கும் பழைய நம்பருக்குத்தான் முதல்ல வரும். அவங்க பாத்துச் சொன்னாத்தான் மாறும். இல்லேன்னா யாரு வேணா யாரு பேரை வேணா மாத்திடுவாங்கல்ல?"

சுற்றி வளைத்து எப்படிப் போனாலும் வழி பெரியவள் வாசலில்தான் போய் நின்றது.

பெரியவள் வைத்திருந்தது ஒரு ஜெராக்ஸ் கடை. போனில் குடும்பத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்ற உத்தரவு வந்த காலத்தில் தெருவில் பாதிப் பேரிடம் போன் கிடையாது. "என் நம்பரையே போட்டுக்கங்க, வந்தா கூப்பிட்டுச் சொல்றேன்" என்று அவள் எல்லாருக்கும் தன் நம்பரைக் கொடுத்தாள். யாருக்குத் தடுப்பூசி, யாருக்கு அடுப்பு வாயு, யார் வீட்டுத் தண்ணீர்க் குழாயில் நாளைக்கு வேலை என்பதெல்லாம் அவள் போனுக்குத்தான் வரும். கடையிலிருந்து தலையை நீட்டிச் சத்தம் கொடுப்பாள். "தெருவையே பையில போட்டுக்கிட்டுத் திரியறா" என்று அவள் புருஷன் கேலி பண்ணுவார். பிறகு ஆளாளுக்குப் போன் வாங்கி, அவரவர் நம்பரை மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தங்கை வீட்டு நம்பர் மட்டும் மாறவில்லை. மாற்றுவதற்கு இரண்டு பேரும் பேசியாக வேண்டுமே.

பேச்சு நின்றது குட்டியால். சின்னவளின் மகளை எல்லாரும் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா லாரியோடு ஊர் ஊராகப் போய்விடுவார். அம்மாவுக்குச் சலவைக்கூடத்தில் இரவு முறை. குழந்தை தவழ ஆரம்பித்ததிலிருந்தே பெரியம்மா வீட்டில்தான் வளர்ந்தது. பெரியவளுக்குக் கரு தங்கவில்லை. தங்கியதும் கரைந்துபோனது. அந்த வீட்டில் குட்டி ராணி மாதிரி வளர்ந்தாள். பெரியவளை அம்மா என்றாள். பெற்றவளைச் சின்னம்மா என்றாள். முதலில் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நாளாக ஆகச் சின்னவளுக்கு மட்டும் சிரிப்பு வராமல் போயிற்று.

குட்டிக்கு அம்மை போட்டிருந்த சமயம் சின்னவள் வேலை முடிந்து நேராக அங்கே போனாள். கிட்டே உட்கார்ந்து தலையைத் தடவினாள். குட்டி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "இவங்க மேல மருந்து நாத்தம் வருது. போகச் சொல்லும்மா" என்றாள், பெரியவளிடம்.

அவ்வளவுதான். சின்னவள் குழந்தையைப் போர்வையோடு அள்ளினாள். பெரியவள் ஓடிவந்து வாசலை மறித்தாள். "உடம்பு அனலாக் கொதிக்குதுடி. இறங்கட்டும், நானே கொண்டுவந்து விடறேன்." கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவள் புருஷனும் நின்றிருந்தார். சின்னவள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள்:

"பெத்துப் பாத்திருந்தால்ல உனக்குத் தெரியும்!"

பெரியவள் மறித்த கையை எடுத்தாள். உள்ளே போனாள். குட்டியின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து, பள்ளிக்கூடப் பையையும் தண்ணீர்ப் புட்டியையும் சேர்த்து வைத்து, பையை வாசற்படியில் வைத்தாள். ஒரு சொல் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. அவள் புருஷன் செத்தபோது சின்னவள் போய், முன்பின் தெரியாதவர்களோடு ஓரமாக உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தாள்.

"நீங்களே கேளுங்களேன்" என்று சின்னவள் தன் புருஷனான டிரைவரைக் கெஞ்சினாள்.

"நோய் எனக்கு, சண்டை உனக்கு. எனக்கு நோயே போதும்" என்றார் அவர். ஆனாலும் போனை எடுத்து, அந்த நம்பரைத் தட்டி, மணி அடிக்க ஆரம்பித்ததும் அவள் காதில் வைத்துவிட்டார்.

எடுத்தாள். பெரியவள்தான்.

"நான்தான். அவருக்கு ஒடம்பு... ஆஸ்பத்திரியிலேருந்து ஒரு நம்பர் வந்திருக்குமாம்."

அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மெஷின் கடகடத்து ஓய்ந்தது. பிறகு பெரியவள் குரல், கடையில் விலை சொல்கிற மாதிரி: "நாலு. ஒம்போது. ரெண்டு. ரெண்டு. ஆறு. ஒண்ணு." போன் வைக்கப்பட்டது.

சின்னவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். "திட்டலையே" என்றார் டிரைவர். "திட்டியிருந்தாத் தேவலை" என்றாள் அவள்.

அடுத்த முறையும் அப்படித்தான். அதற்கடுத்த முறை, நம்பரைச் சொல்லி முடித்தும் பெரியவள் போனை வைக்கவில்லை. "குறிச்சாச்சா?" என்றாள். நீ என்றும் இல்லை, நீங்கள் என்றும் இல்லை, ஆளே இல்லாத ஒரு கேள்வி. சின்னவள் "குறிச்சாச்சு" என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடும்போது டிரைவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி சோறு எடுத்து வைத்தார்.

இப்படியே ஒரு மழைக்காலம் போய் வெயில் வந்தது. சலவைக்கூடத்தில் ஆவி முகத்தில் அடிக்கும். விரிப்பின் இரண்டு முனைகளை இவள் பிடிக்க, மற்ற இரண்டை இன்னொருத்தி பிடிக்க, சூடான உருளைக்குள் விடுவார்கள். அந்தப் பக்கம் அது பலகை மாதிரி விறைத்து வெளியே வரும். மெஷினுக்கு முந்தின நாளென்றால் சாயந்திரம் நெருங்கும்போதே சின்னவளின் கை வேகம் கூடிவிடும். மேஸ்திரி கூடக் கண்டுபிடித்துவிட்டார். "என்னம்மா, இன்னிக்கு அக்கா நாளா?" என்பார்.

பேச்சு ஒவ்வொரு சொல்லாக வளர்ந்தது. ஒருநாள், "முட்டை, முட்டை, ஏழு. என்ன எழவு, இன்னிக்கு இவ்வளவு முட்டை" என்று பெரியவள் சலித்துக்கொண்டபோது சின்னவள் சிரித்துவிட்டாள். அந்தப் பக்கமும் ஒரு சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. இன்னொரு நாள், "மாப்பிள்ளைக்குத் தண்ணிய அளந்து குடு. தாகம்னு கேட்டா ஒரு வாய்க்கு மேல குடுக்காதே. கடைக்கு வர்ற ஒருத்தர் சொன்னாரு" என்றாள். பிறகு ஒருநாள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், "ஏண்டி, குட்டி இன்னும் தூங்கறப்பப் பல்லைக் கடிக்கறாளா?" என்றாள்.

'டி' என்றது முதலில் காதில் விழுந்தது. கேள்வி அப்புறம்தான் விழுந்தது. சின்னவளுக்குப் பதில் தெரியவில்லை. குட்டி இப்போது ஒரு போன் ரிப்பேர் கடையில் வேலைக்குப் போகிற பெண். அவள் தூங்கும் நேரத்தில் சின்னவள் பாதி நாள் விரிப்பு வெளுத்துக்கொண்டிருப்பாள். "பாத்துச் சொல்றேங்க்கா" என்றாள். மறுநாள் விடிகாலையில் வேலையிலிருந்து வந்தவள், படுக்காமல் மகள் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தாள். கடித்தாள். சின்னக் கல்லை அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். அடுத்த நம்பர் நாளில், "கடிக்கறாக்கா" என்று சொன்னபோது, "கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுக்க வை, நின்னுடும்" என்றாள் பெரியவள்.

கவுன்டர்க் கண்ணாடிக்காரர் ஒருமுறை தாமாகவே கேட்டார். "நம்பரை மாத்திடலாமாம்மா? இன்னிக்குக் கூட்டம் இல்லை."

"இருக்கட்டும் சார். அக்கா நல்லாத்தான் சொல்றா" என்றாள் சின்னவள். குட்டியைத் தூக்கிவந்த அன்று சொன்ன அந்தச் சொல்லை எடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பாள். பேச்சில் நம்பர் வந்து, தண்ணீர் வந்து, குட்டி வந்து, நேரம் போய்விடும். அடுத்த முறை இருக்கவே இருக்கிறது என்று போனை வைத்துவிடுவாள்.

ஒருமுறை நம்பர் நாளன்று மழை பெய்தது. மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு, சாயந்திரம் காற்றும் மழையுமாக மரங்களைச் சாய்த்தது. கரண்டு போயிற்று. போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. சின்னவள் மாடிப்படியில் ஏறியும் வாசலில் இறங்கியும் அடித்து அடித்துப் பார்த்தாள். ஏழு மணி தாண்டியது. மறுநாள் டிரைவரைக் கூட்டிக்கொண்டு போனபோது அவருடைய மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். சலவைக்கூடத்து மேஸ்திரி வந்து யார் யாரிடமோ கெஞ்சியும் இடம் கிடைக்கவில்லை. அடுத்த நாள் விடிவதற்குள் டிரைவருக்கு மூச்சு முட்டி, முகம் வீங்கி, அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குட்டி அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டே ஓடினாள்.

பிழைத்துக்கொண்டார். பிழைப்பார் என்று டாக்டர் சொன்ன பிறகு, கண்ணாடிக்காரர் சின்னவளைத் தேடி வராந்தாவுக்கு வந்தார்.

"உங்க அக்கா அன்னிக்கு மழையில இங்க வந்தாங்கம்மா. கடைப்பக்கம் சிக்னலே இல்லையாம். போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நடந்து, பெரிய ரோட்டுக்கு வந்தப்பதான் நம்பர் விழுந்திருக்கு. உங்களுக்குப் போட்டா லைன் போகலை. பஸ்சும் இல்லை. நடந்தே வந்துட்டாங்க. நேரம் தாண்டிப் போச்சு. 'நான் இங்க நேர்ல நிக்கறேன், நம்பர் கையில இருக்கு, எழுதிக்கய்யா'ன்னு என்னைப் பிடி பிடின்னு பிடிச்சாங்க. கம்ப்யூட்டர் எடுக்கலை. நான் என்னம்மா பண்ணட்டும்? சொட்டச் சொட்ட நனைஞ்சு அந்த பெஞ்சுல ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க."

சின்னவள் அந்த பெஞ்சைப் பார்த்தாள். இரும்பு பெஞ்சு. இப்போது ஒரு கிழவர் காலை மடக்கிப் படுத்திருந்தார். இன்றைக்குப் போன் பண்ணிவிட வேண்டும், நம்பர் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்று நினைத்தாள். டிரைவர் கண் விழித்தார். கஞ்சி கேட்டார். மருந்து வாங்க ஓடினாள். சாயந்திரமாகிவிட்டது.

குட்டி வந்தாள். முகத்தில் தூக்கமில்லாத கறுப்பு. "அம்மா, இனிமே நீ கவலைப்படாதே. நம்பரை மாத்திட்டேன்" என்றாள்.

"எந்த நம்பரை?"

"ஆஸ்பத்திரி நம்பரைத்தான். யாரோ ஒருத்தர் போனை நம்பி அப்பா உயிரை வெச்சிருக்கறதா? காலையிலேயே பெரியம்மாவுக்குப் போட்டேன். 'பெரியம்மா, நான் குட்டி பேசறேன், ஒரு நம்பர் வரும் சொல்லுங்க'ன்னேன். சொன்னாங்க. மாறிடுச்சு. இனிமே எல்லாம் என் போனுக்கு வரும். வந்த நிமிஷமே அனுப்பிடுவேன்."

"வேற என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, லைன் கட்டாயிடுச்சோன்னு நெனச்சேன். அப்புறம் நம்பரைச் சொன்னாங்க. அப்பா எப்படி இருக்காருன்னு கேட்டாங்க. ஏம்மா, தப்பா?"

மகள் மேல் என்ன தப்பு? சின்னவள் அவள் தலையைத் தடவி, "இல்லை. நல்லதுதான் பண்ணினே" என்றாள்.

அடுத்த முறை குட்டி போனுக்கு வந்தது. அனுப்பினாள். மெஷின் கிடைத்தது. அதற்கடுத்த முறையும் கிடைத்தது. சலவைக்கூடத்தில் சாயந்திரம் நெருங்கும்போது சின்னவள் போனை எடுப்பாள். நம்பர் வேண்டாத போது என்னவென்று கூப்பிடுவது? கூப்பிட்டு முதல் வார்த்தை என்ன சொல்வது? "சும்மா போட்டேன்னு சொல்லேன்" என்றார் டிரைவர். சும்மா போடுகிற அளவுக்கு அவர்கள் இன்னும் வந்திருக்கவில்லை. பெரியவளும் கூப்பிடவில்லை.

கடைசியில் ஒரு விடுமுறை நாளில் சின்னவள் கிளம்பிப் போனாள். கடை பாதியாகச் சுருங்கியிருந்தது. எல்லாம் போனில் வந்துவிட்ட பிறகு யாருக்கு ஜெராக்ஸ் காப்பி வேண்டும்? ஒரு பக்கம் பேனாவும் பென்சிலும், போனுக்கு மாட்டும் உறைகளும் தொங்கின. பெரியவள் மெஷினின் வயிற்றைத் திறந்து சிக்கிய காகிதத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கறுப்புப் பொடி. தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. குரலில் நரை தெரிவதில்லை. அதனால் சின்னவள் எதிர்பார்க்கவில்லை.

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். "வா. அந்த மூடியைக் கொஞ்சம் பிடி" என்றாள், நேற்றும் வந்தவளிடம் சொல்வது போல.

சின்னவள் பிடித்தாள். காகிதம் கிழியாமல் வந்தது.

"மாப்பிள்ளை?"

"பரவாயில்லைக்கா. எழுந்து நடக்கறாரு." மூடியை விட்டாள். "அக்கா, நம்பரை நான் மாத்தச் சொல்லலை."

"தெரியும்டி."

"குட்டி தானா..."

"மாத்தினது நல்லதுதான். என்னாலதானே அவருக்கு அன்னிக்கு மூச்சு முட்டிச்சு? அன்னிக்கு நெட்டுக்குத்தா நிக்கிற மனுஷி கையில இருந்த நம்பரை எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க. அதுக்கப்புறம் எனக்கே பயம்தான். ராத்திரியெல்லாம் போனைத் தூக்கித் தூக்கிப் பாப்பேன், கோடு இருக்கா, கோடு இருக்கான்னு." கந்தல் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். "ஆனா நம்பரை மாத்த வந்த மெசேஜ்ல போட்டிருந்தான் பாரு. என்னமா எழுதறாங்க! 'இந்தக் குடும்பத்துடன் இந்த எண்ணுக்கு இனித் தொடர்பு இல்லை என்பதை உறுதி செய்ய'ன்னு. கீழ ஆறு நம்பர். படிச்சேன். குட்டி லைன்ல காத்துக்கிட்டிருக்கா. உறுதி பண்ணிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். சின்னவளால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

"அவ குரல் கனத்துப் போச்சுடி. பெரிய மனுஷி மாதிரி பேசறா. வாங்க போங்கன்னுதான் பேசினா. நல்ல மரியாதை."

"அக்கா." இத்தனை நாளாகத் தள்ளிப் போட்டதைச் சின்னவள் சொல்லத் தொடங்கினாள். "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"என்னிக்கு?"

"குட்டியைத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு. இதே வாசல்ல. உன்னைப் பாத்து ஒரு வார்த்தை..."

பெரியவள் மெஷின் கதவை மூடினாள். அது சரியாகப் பொருந்தவில்லை. திறந்து மறுபடி மூடினாள். "நீ ஒண்ணும் சொல்லலியே" என்றாள்.

"சொன்னேங்க்கா. எல்லார் எதிர்லயும்..."

"இல்லையே. பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லைன்னு கூட்டிட்டுப் போனே. வேற என்ன? எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகமில்லைடி."

சின்னவள் அவளையே பார்த்தாள். மகளின் பல்கடியைக்கூட மறக்காதவள் இவள். குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. வேலை முடிந்த கடைக்காரி கதவை இழுத்துவிடுகிற சாதாரணம்தான் இருந்தது. இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தபோது ஒரு ஆள் உள்ளே வந்து இரண்டு பக்கமும் காப்பி வேண்டும் என்றார். பெரியவள் காகிதத்தை வாங்கி, கண்ணாடி மேல் பதமாக வைத்து மூடினாள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயிற்று.

"கஞ்சி போட்டுட்டு வந்திருக்கியா அவருக்கு? அப்ப நேரத்தோட கிளம்பு. மழை வரும்போல இருக்கு" என்றாள், முதுகு திரும்பியபடியே.

"அப்பப்பப் போன் பண்றேங்க்கா."

"பண்ணேன். யாரு வேண்டாம்னா?"

பஸ் நிறுத்தத்தில் கூட்டம் இல்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பஸ் வரும் திசையைப் பார்த்தபடி, சத்தமில்லாமல்தான் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கடையில் முடிக்க விடாமல் போனதை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாதுக்கா, என் வாய் அழுகணும், மன்னிச்சுடுக்கா.

"என்னையா கேக்கறீங்க?" என்றாள் பக்கத்து அம்மாள் திரும்பி.

"இல்லீங்க, ஒண்ணுமில்லை" என்றாள் சின்னவள்.